டாகெட் அம்மாள் கொடுத்த கவர்

கிரிசாந்தோவுக்குப் பொறாமை பசியைப் போல வேளாவேளைக்கு வந்துவிடும். மியாகாவோ ஊரில் ஐந்து பிள்ளைகளுக்கு நடுப்பிள்ளையாகப் பிறந்தவன். மூத்தவனுக்குப் புதுச் சட்டை, கடைக்குட்டிக்குப் பால், இவனுக்கு மூத்தவன் கழித்துப் போட்ட சட்டை. அப்போது பிடித்த வியாதி அது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனின் குடை, இலோயிலோ ஹோட்டலில் துணி மடித்த காலத்தில் கூட வேலை பார்த்தவனின் மீசை, கல்யாணமான பிறகு சகலையின் மோட்டார் சைக்கிள் என்று அது அவனோடு சேர்ந்து வளர்ந்தது. இத்தனைக்கும் ஆள் கெட்டவன் இல்லை. யாருடைய பொருளையும் தொட்டதில்லை, யாருக்கும் குழி பறித்ததில்லை. பார்ப்பான், வயிறு எரிவான், எரிந்துகொண்டே வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவான்.

அந்த ஒழுங்கு அவனைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தது. மணிலாவில் ஏஜெண்டு வாசலில் கால் கடுக்க நின்று, ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போய்வரும் உல்லாசக் கப்பலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டு வேலையைப் பிடித்தான். ஒரு ஒப்பந்தம் முடிந்தால் ஊர், ஊரில் காசு தீர்ந்தால் அடுத்த ஒப்பந்தம். இப்படியே தலை நரைத்தது. படுக்கை விரித்து, கழிப்பறை தேய்த்து, துண்டை அன்னமாகவும் யானையாகவும் மடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. அவனுக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்தது ஒரே ஆசை. தளத்து சூப்பர்வைசர் ஆக வேண்டும். சூப்பர்வைசர் குனிய வேண்டாம், மண்டியிட வேண்டாம். அடுத்தவன் தேய்த்த தொட்டியை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்தால் போதும். தனியாக ஒரு படுக்கையறையும் தருவார்கள்.

அந்த ஆசைக்குக் குறுக்கே வந்து நின்றவன் வெல்மர். அதே ஊர், அடுத்த தெரு, வயதில் இளையவன். அவனை இந்தக் கப்பலுக்குச் சிபாரிசு செய்ததே கிரிசாந்தோதான். வெல்மரின் அம்மா ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டாள், மறுக்க முடியவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று அவன் பின்னால் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. வளர்த்தது என்னவோ ஒரு சிபாரிசுதான். கோழியைத் தின்றது இவன்தான் என்பதை அந்த நேரங்களில் மறந்துவிடுவான்.

இருவருக்கும் ஒரே நடைபாதை. இடப்பக்க அறைகள் கிரிசாந்தோவுக்கு, வலப்பக்க அறைகள் வெல்மருக்கு. கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, ஊழியர் பகுதியில் இருவருக்கும் ஒரே அறை. கீழ்க்கட்டில் இவனுக்கு, மேல்கட்டில் அவனுக்கு. தலைக்கு மேலே எதிரி புரண்டு படுப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்குவது எப்படி இருக்கும் என்று கேட்டால் கிரிசாந்தோ மணிக்கணக்கில் சொல்வான்.

வெல்மருக்குக் கைராசி. அவன் மடிக்கும் அன்னத்துக்கு மட்டும் கழுத்து நிமிர்ந்து நிற்கும். பயணிகள் இறங்கும் நாளில் அவனைத் தேடி வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள். கிரிசாந்தோவிடம் சிலர் "தேங்க் யூ" என்பார்கள். சிலர், மூக்குக்கண்ணாடியை அறையில் மறந்துவிட்டோம் என்பார்கள்.

எல்லாவற்றையும்விட அவன் கண்ணை உறுத்தியது ஜார்ஜியாவிலிருந்து வரும் டாகெட் அம்மாள். கணவரை இழந்தவர், கையில் காசுள்ளவர். குளிர்காலம் வந்தால் வீட்டில் அடுப்பு மூட்டுவதைவிடக் கப்பலில் இருப்பது மலிவு என்று சொல்லி, வந்து வந்து போவார். எப்போதும் வலப்பக்க அறைதான் கேட்பார், வெல்மருக்காக. இறங்கும் காலையில் வெல்மரின் கையில் ஒரு கவரைத் திணிப்பார். கொழுத்த கவர். கிரிசாந்தோ தன் வண்டியில் சோப்புக் கட்டிகளை அடுக்குகிற பாவனையில் அதன் கனத்தைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்பான்.

ஒருநாள் அந்த அம்மாள் நடைபாதையில் நின்று, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் வெல்மரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் கணக்குல தினம் தினம் டிப்ஸ்னு ஏத்துறாங்களே, அதை வேண்டாம்னு கவுண்டர்ல போய் எடுக்கச் சொல்லிட்டேன். கம்பெனிக்காரன் கையில குடுத்தா அது உன் கைக்கு வருமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. உன் கையிலயே குடுத்துடறேன்."

கிரிசாந்தோவின் காது அங்கேயே நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது. டிப்ஸைக் கணக்கில் விட்டுவைத்துவிட்டு அதற்கு மேலும் ஒருவர் கையில் கொடுத்தால், அது வாங்கியவனுக்கே சொந்தம். கவுண்டரில் போய் அதை எடுத்துவிட்டுக் கையில் கொடுத்தால், வாங்கியதை அப்படியே மேலிடத்தில் ஒப்படைக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாகப் போகும் என்பது கம்பெனி சட்டம். மறைத்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். சட்டத்தைக் கூட்டத்தில் வாசிக்கும்போது எல்லா ஸ்டூவர்டும் பக்தியோடு தலையாட்டுவார்கள். ஒப்படைத்த ஒருவனைக்கூடக் கிரிசாந்தோ கண்டதில்லை. அவனே ஒப்படைத்ததில்லை. தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்களே, அதை அவன் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். ஆக, வெல்மர் திருடுகிறான். எல்லாரும் திருடுகிறார்கள்தான், ஆனால் வெல்மர் கொழுக்கத் திருடுகிறான்.

ஊரிலிருந்து மனைவி எடெலின் வேறு எண்ணெய் ஊற்றினாள். போனில் முகம் காட்டும்போதெல்லாம் வெல்மர் வீட்டில் மாடி எழும்புகிற கதைதான். இன்றைக்குக் கம்பி வந்தது, இன்றைக்கு ஜல்லி வந்தது, ஜன்னலுக்கு நீலக் கண்ணாடியாம். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம்னுதானே சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அவளுக்கும் அதே வியாதி உண்டு. ஜாடிக்கேற்ற மூடி. கிரிசாந்தோ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

இப்படி இருக்கும்போது தளத்து சூப்பர்வைசராக இருந்த, பெரு என்ற நாட்டுக்காரர் வேலையை விட்டுப் போவதாகச் செய்தி வந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் அடிபட்டன. கிரிசாந்தோ, வெல்மர். அனுபவம் இவனிடம், பயணிகளின் பாராட்டு அவனிடம். முடிவு சொல்ல வேண்டியவர் வெஸ்னா மேடம், அறைப் பராமரிப்புக்கெல்லாம் தலைவி, குரோஷியாக்காரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கிரிசாந்தோ சில நாட்கள் தூக்கம் இல்லாமல் கிடந்தான். இதுவரை யாருக்கும் குழி பறிக்காதவன் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பெருமையைக் கோசுமெல் துறைமுகத்தில் கப்பல் நின்ற ஒரு மத்தியானம் தொலைத்தான். பயணிகள் கரையில் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெஸ்னா மேடத்தின் அறைக் கதவைத் தட்டினான். டாகெட் அம்மாள் டிப்ஸை எடுத்துவிட்டதையும், வெல்மருக்குக் கையில் கவர் போவதையும், வருஷக்கணக்காக இது நடப்பதையும் சொன்னான். ஊர்க்காரன் என்று பார்த்தால் நியாயம் என்ன ஆவது என்றும் சேர்த்துக்கொண்டான். சொல்லச் சொல்ல நாக்கு இனித்தது.

வெஸ்னா மேடம் கடைசி வரை கேட்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"வெல்மர் அந்தக் கவரை ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட கொண்டுவந்து குடுத்துடுவான். பிரிக்கக்கூட மாட்டான்."

கிரிசாந்தோவுக்குக் கேட்டது புரியவில்லை. புரிந்தபோது உட்கார நாற்காலி இருந்தால் தேவலை என்றிருந்தது.

"இந்தக் கப்பல்ல அப்படிக் குடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான்," என்றார் மேடம். "ஏன் குடுக்கிறேன்னு ஒருதரம் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்தப்போ நீதான் அப்படிச் செய்யணும்னு சொல்லிக்குடுத்தியாம்."

அதுவும் உண்மைதான். வெல்மர் வந்த புதிதில், அந்தப் பழைய சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறாரே என்று, கிரிசாந்தோ சட்டத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருந்தான். சூப்பர்வைசர் போன பிறகு கண்ணைச் சிமிட்டி மீதியைச் சொல்லியிருக்க வேண்டும். எந்தப் புது ஆளுக்கும் அந்தக் கண்சிமிட்டல்தான் உண்மையான பாடம். அன்றைக்கு முழங்கால் வலி, மறந்துபோனான். வெல்மரும் கேட்டதைக் கேட்டபடியே பிடித்துக்கொண்டான்.

மேடம் விடவில்லை. "உன் பக்கத்து அறைகள்லயும்தான் நிறைய பேர் டிப்ஸை எடுக்கிறாங்க. அவங்க யாரும் உனக்குக் கையில குடுக்கிறதே இல்லையா?"

"ஒரு டாலர்கூடக் குடுக்கிறதில்ல மேடம். கஞ்சப் பசங்க."

"அப்படியா," என்றார் மேடம். அந்த ஒரு சொல்லோடு தன் சூப்பர்வைசர் பதவி கடலில் விழுந்ததைக் கிரிசாந்தோ கண்ணால் பார்த்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்றால் இதுதான்.

அந்த வாரமே காலைக் கூட்டத்தில் வெல்மர் பெயரை அறிவித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கப்பலின் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, இந்த இளைஞன் தனக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சக ஊழியர்களுக்காக ஒப்படைத்தவன், எல்லாரும் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். கிரிசாந்தோவும் தட்டினான். வலது கை இடது கையை அறைவது போல இருந்தது.

ஆனால் மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது காற்று திசை மாறியது. ஜமைக்காக்காரன் டெல்ராய், சலவைப் பிரிவில் இருப்பவன், சோற்றுத் தட்டோடு வந்து வெல்மரின் எதிரில் உட்கார்ந்தான்.

"எங்களுக்காகவா குடுத்தே, தம்பி? எங்க சம்பளத்துல ஒருநாளும் ஏறலையே."

வெல்மர் விழித்தான். பொதுவில் போய்ப் பங்கு ஆகியிருக்கும் என்றான்.

டெல்ராய் தண்ணீர் டம்ளரைத் தூக்கி, பாதியில் விரலால் ஒரு கோடு காட்டினான். "இதுதான் உனக்கு மாசச் சம்பளம்னு கம்பெனி ஒத்துக்கிட்ட அளவு. இதை முதல்ல டிப்ஸை ஊத்தித்தான் ரொப்புவாங்க. குறைஞ்சாத்தான் கம்பெனி தன் கைக்காசை ஊத்தும். நம்ம டம்ளர் என்னிக்காவது கோட்டைத் தாண்டியிருக்கா? இல்ல. நீ கொண்டுபோய் ஊத்தினே பாரு, அவ்வளவும் கம்பெனிக்காரன் ஊத்த வேண்டியதுல மிச்சம். உன் கையால அவன் பையில போட்டிருக்கே, ராசா."

மேஜையில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு. கம்பெனியின் மாப்பிள்ளை என்று ஒருவன் சொன்னான். அந்தப் பெயர் சாப்பாடு முடிவதற்குள் பக்கத்து மேஜைக்கும் போய்விட்டது. வெல்மரின் காது சிவந்தது. தட்டில் இருந்த கருவாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

கிரிசாந்தோ அன்று இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். பல மாதங்களில் அவனுக்கு ருசித்த முதல் சாப்பாடு அது. பதவி போனால் போகட்டும், வெல்மர் ஒரு அப்பாவி முட்டாள் என்று ஊரே சொல்கிறதே, அது போதும். எடெலினைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னான். அவளும் ரசித்தாள். ரசித்துவிட்டு, அப்படியானால் மாடி எந்தக் காசில் எழுகிறது என்று விசாரித்துவிட்டு வந்தாள். வெல்மரின் மச்சான் ரியாத்திலிருந்து அனுப்புகிறானாம். கிரிசாந்தோவுக்கு அந்த மச்சான் மேல் புதிதாக ஒரு பொறாமை தொடங்கியது.

வெல்மர் மேலே போனதும் வலப்பக்க அறைகள் கிரிசாந்தோவுக்கு வந்தன. அடுத்த பயணத்தில் டாகெட் அம்மாள் வந்து ஏறினார். வெல்மர் சூப்பர்வைசர் ஆகிவிட்டான் என்று கேட்டுக் கண் கலங்கச் சந்தோஷப்பட்டார். தான் கொடுத்த பணம் இந்தப் பிள்ளையின் வளர்ச்சிக்கு உதவியது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கிரிசாந்தோவுக்கு நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அம்மா, நீங்கள் கொடுத்ததில் ஒரு பைசாகூட அவனுக்குச் சேரவில்லை, நீங்கள் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தீர்களோ அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தான் உங்கள் செல்லப்பிள்ளை. சொல்லியிருப்பான். ஆனால் சொன்னால் அந்த அம்மாள் அடுத்த கவரைக் கொடுக்காமல் போய்விட்டால்? அந்தக் கவருக்காக அவன் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறான். வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பயணம் முழுக்க அவன் அந்த அறையை இழைத்தான். அன்னத்தின் கழுத்துக்குள் சுருட்டிய கைத்துண்டை வைத்து நிமிர்த்தினான். காலையில் அந்த அம்மாள் கேட்காமலே எலுமிச்சைத் துண்டு போட்ட வெந்நீர் கொண்டுபோனான். இறங்கும் நாளில் கவர் வந்தது. அதே கொழுத்த கவர். "டிப்ஸை வழக்கம்போல எடுக்கச் சொல்லிட்டேன். இது உனக்கு," என்றார் டாகெட் அம்மாள், அதே உரத்த குரலில். நடைபாதையின் கடைசியில் வெல்மர் நின்றுகொண்டிருந்தான், கையில் கைபேசி, மார்பில் புதுப் பெயர்ப்பட்டை. முழுவதும் கேட்டிருப்பான்.

கிரிசாந்தோ கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒப்படைத்தால் பணம் போய்விடும். மறைத்தால் வேலை போய்விடும், அதுவும் எவனைப் பற்றிப் போய்ச் சொன்னானோ அவன் கையால். அறைகளையெல்லாம் முடிக்கும் வரை கவர் சட்டைக்குள் நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் கடைசியில் போய் சூப்பர்வைசர் அறைக் கதவைத் தட்டினான். வெல்மர் இருந்த அறை சின்ன அறைதான், சலவைத் துணி வாசம் அடித்தது. ஆனால் நாற்காலி இருந்தது, அதில் வெல்மர் இருந்தான். கிரிசாந்தோ கவரை மேஜையில் வைத்தான்.

வெல்மர் எழுந்து கதவைச் சாத்தினான். கவரை எடுத்து, பிரிக்காமல், கிரிசாந்தோ பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே. டெல்ராய் சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தளத்துல யாரும் எங்கிட்ட கவர் கொண்டுவர வேண்டாம். மேல கேட்டா யாரும் எதுவும் குடுக்கலைன்னு நான் சொல்லிக்கிறேன்."

கிரிசாந்தோ கையை நீட்டவில்லை. வெல்மர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

"நீங்க போய்ச் சொன்னது எனக்குத் தெரியும். மேடமே சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் உங்க முகத்தைப் பார்க்கப் பிடிக்கல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொல்லலைன்னா இந்த வேலையும் எனக்கு வந்திருக்காது, நான் ஏமாந்துக்கிட்டிருந்ததும் தெரிஞ்சிருக்காது."

குத்தலாகச் சொல்கிறானா என்று கிரிசாந்தோ அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். குத்தல் எதுவும் இல்லை. மெய்யாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவனைக் கெடுக்கப் போய்த் தன் கையாலேயே அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. கெடுதல் செய்யக்கூடத் தனக்குத் துப்பில்லை. வெல்மர் கத்தியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லுவேன் என்று மிரட்டியிருக்கலாம். அதற்குத்தான் அவன் தயாராக வந்திருந்தான்.

"எல்லாம் தெரிஞ்சும் எனக்கு ஏன்டா இதைக் குடுக்கிற?" என்று கேட்டான்.

வெல்மருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நான் எங்க அண்ணே குடுக்கிறேன்? அது டாகெட் அம்மா உங்களுக்குக் குடுத்தது."

வெல்மர் பெரிய மனது பண்ணிக் கொடுத்தான் என்று இருந்திருந்தால், முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாம். வெறுப்பதற்கு ஒரு பிடியாவது கிடைத்திருக்கும். அதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. கிரிசாந்தோ கவரை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். கதவைத் திறந்தவன், வாசலில் நின்று, ஒருநாளும் வெல்மரிடம் சொல்லியிராத ஒன்றைச் சொன்னான். "வரேன் சார்," என்றான்.